பழைய லென்ஸில் படம் மஞ்சளாகவும் வெளிறியும் வருகிறது: கோட்டிங்தான் காரணமா?

ஜன்னலோரம்

வணக்கம் நண்பர்களே. பென்டாக்ஸின் பழைய சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டி எடுக்கிறேன். இரண்டு விஷயம் உறுத்துகிறது. எதை எடுத்தாலும் ஓர் இளமஞ்சள் சாயல். அப்புறம், ஜன்னலை ஒட்டி ஆளை நிறுத்தி எடுத்தால் தலைமுடி கருப்பாக இல்லாமல் சாம்பலாகிவிடுகிறது. என்னிடம் இருக்கும் புது 50 மி.மீ. லென்ஸில் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், முடி கருப்பாகவே வருகிறது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "பழைய கோட்டிங் அப்படித்தான். ஊதாவாக மின்னினால் நல்ல கோட்டிங், பச்சையாக மின்னினால் மட்டம்" என்றார். உண்மையா? கோட்டிங் கெடுப்பது நிறத்தையா, கான்ட்ராஸ்ட்டையா, இரண்டையுமா?

பழங்கண்ணாடி

தம்பி, இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த மஞ்சளுக்கும் கோட்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை. அது கண்ணாடியின் மஞ்சள்.

உங்களிடம் இருப்பது ஏழு கண்ணாடி மாடலாக இருக்க வேண்டும். ஒளிவிலகல் எண் அதிகமாகவும் நிறப்பிரிகை குறைவாகவும் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் சில கண்ணாடிகளில் தோரியம் ஆக்ஸைடு கலந்தார்கள். தோரியத்தின் கதிரியக்கம் வருடக்கணக்கில் அந்தக் கண்ணாடியையே பழுப்பாக்கிவிடும். லென்ஸை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள், நீர்த்த டிகாஷன் மாதிரி தெரிந்தால் அதுதான். 1964-இல் வந்த முதல் எட்டு கண்ணாடி மாடலில் இந்தத் தொல்லை கிடையாது.

யூவி விளக்கின் கீழோ வெயில் விழும் ஜன்னலிலோ சில வாரங்கள் வைத்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும். வெயிலில் வைப்பதானால் பின்மூடியைப் போட்டு, அதற்குள் அலுமினியத் தாள் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் பூதக்கண்ணாடி வேலையைச் செய்து மேசையை எரித்துவிடும். கதிரியக்கம் என்றதும் பயப்பட வேண்டாம், படம் எடுக்கும் அளவுக்கு அது பிரச்சினை இல்லை. கண்ணாடியைத் தேய்த்துத் தூளாக்காமல் இருந்தால் சரி.

முடி சாம்பலாவது வேறு கதை. அதில் கோட்டிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் முதலில் டார்ச் அடித்து உள்ளே மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். அலைநீளம் சார் வருவார், மீதியை அவர் சொல்லட்டும்.

அலைநீளம்

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும்போதும், ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஒரு பங்கு திரும்பிவிடும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள சாதாரணக் கண்ணாடியில் அது 4 சதவீதம். 1.8 உள்ள கண்ணாடியில் 8 சதவீதத்தைத் தாண்டும். இதைக் குறைக்கத்தான் பூச்சு, அதாவது கோட்டிங்.

பழைய ஒற்றைப் பூச்சு என்பது மெக்னீசியம் ஃபுளோரைடு. வெற்றிடத்தில் அதை ஆவியாக்கிக் கண்ணாடி மேல் சுமார் 100 நானோமீட்டர் கனத்துக்குப் படியவிடுவார்கள். 550 நானோமீட்டர் பச்சை ஒளி இந்தப் படலத்துக்குள் 400 ஆகச் சுருங்கும். அதில் கால்வாசி 100. படலத்தின் மேற்பரப்பில் திரும்பும் அலையும், அடியில் கண்ணாடியைத் தொட்டுத் திரும்பும் அலையும் அரை அலை முன்பின்னாகச் சந்தித்து ஒன்றையொன்று தணிக்கும். தணிந்த ஒளி காணாமல் போவதில்லை, உள்ளே போகும் ஒளியோடு சேர்ந்துவிடும். முழுதாகத் தணிய வேண்டுமானால் படலத்தின் ஒளிவிலகல் எண் 1.22 அளவில் இருக்க வேண்டும். மெக்னீசியம் ஃபுளோரைடுக்கு 1.38. அதனால் சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய 1.4 சதவீதம் மிஞ்சிவிடுகிறது.

இப்போது நிறம். பச்சைக்கு அளவெடுத்த படலம் நீலத்துக்கும் சிவப்புக்கும் சரியாகப் பொருந்தாது, அவை கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும். அதுதான் முன்கண்ணாடியில் தெரியும் ஊதா. ஊதா மின்னும் லென்ஸ் படத்தையும் ஊதாவாக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர் எதிர்: திரும்பிப்போன நிறம் படத்தில் குறையும். சரி, எவ்வளவு குறையும்? உங்கள் லென்ஸில் ஏழு கண்ணாடி, ஒட்டியவற்றை ஒன்றாக எண்ணினால் ஆறு தொகுதி, அதாவது காற்றைத் தொடும் பரப்பு பன்னிரண்டு. கணக்குப் போட்டால், பச்சையோடு ஒப்பிட்டு நீலம் 5 முதல் 10 சதவீதம் குறையலாம். ஒரு ஸ்டாப்பில் (ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் அளவு) ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆட்டோ வொயிட் பேலன்ஸ் அதைக் கவனிக்காமலே சரிசெய்துவிடும். தோரியம் மஞ்சள் இதைவிட வெகு அதிகம்.

விற்றவர் சொன்ன ஊதா–பச்சை ஜோசியத்தை விட்டுவிடுங்கள். மினோல்டா 1958-லேயே இரண்டடுக்குப் பூச்சோடு ரொக்கோர் லென்ஸ்களை வெளியிட்டது, அவை பச்சையாகத்தான் மின்னும். அவற்றை மட்டம் என்று யாரும் சொன்னதில்லை. ஒரே லென்ஸில் ஒரு பரப்பு பச்சை, இன்னொன்று ஊதா, இன்னொன்று தேன்நிறம் என்று வைப்பதும் வழக்கம், மொத்தத்தில் நிறம் சமனாக வரவேண்டும் என்பதற்காக. பார்க்க வேண்டியது எந்த நிறத்தில் மின்னுகிறது என்பதை அல்ல, எவ்வளவு மங்கலாக மின்னுகிறது என்பதை. டியூப் லைட்டின் கீழே பிடியுங்கள். வெள்ளை வெளேரென்று விளக்கு தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை.

கேள்விக்குறி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 4 சதவீதம்தானே? அதைக் குறைப்பதற்கு இவ்வளவு பாடா? இதெல்லாம் விளம்பரத்துக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அலைநீளம்

ஒரு பரப்புக்கு 4. பன்னிரண்டு பரப்பைத் தாண்டும்போது பூச்சு இல்லாவிட்டால் 61 சதவீத ஒளிதான் மிஞ்சும். இன்றைய ஜூம் லென்ஸ்களில் முப்பது பரப்பு சர்வசாதாரணம்; பூச்சே இல்லாமல் அதைச் செய்தால் 29 சதவீதம். பரப்புக்கு அரை சதவீதமாகக் குறைத்தால் 86 சதவீதம்.

ஆனால் ஒளி குறைவதுகூடப் பெரிய விஷயமில்லை, ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கினால் தீர்ந்தது. காணாமல் போன அந்த ஒளி எங்கே போகிறது என்று யோசியுங்கள். ஒரு பகுதி முன்பக்கமாக வெளியேறிவிடும். மிச்சம் ஒரு பரப்பில் திரும்பி, இன்னொரு பரப்பில் மறுபடி திரும்பி, சென்சார் மேல் கண்ட இடத்தில் விழும். பன்னிரண்டு பரப்பில் இப்படி 66 ஜோடி சாத்தியம். முப்பதில் 435. ஜோடி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பிம்பம் போடும். சில கூர்மையாக விழுந்து வட்டமாகவோ, அபெர்ச்சர் இதழ்களின் வடிவத்திலோ தெரியும். அவற்றைத்தான் கோஸ்ட் என்கிறோம். பெரும்பாலானவை கலங்கலாகப் பரவி ஒரு மெல்லிய திரைபோல முழுப்படத்தின் மேலும் விழும். ஜன்னலோரம் சொன்ன சாம்பல் முடி இதுதான்.

அந்தத் திரை செய்யும் கேட்டை எண்ணில் பாருங்கள். காட்சியில் மிக வெளிச்சமான இடத்துக்கும் இருட்டான இடத்துக்கும் 1000:1 விகிதம், ஏறக்குறைய 10 ஸ்டாப் என்று வைத்துக்கொள்வோம். உச்ச வெளிச்சம் 100 என்றால் இருட்டு 0.1. வெறும் 1 அளவு ஒளி எல்லா இடத்திலும் கூடினால், உச்சம் 101, இருட்டு 1.1. விகிதம் 92:1. ஆறரை ஸ்டாப்! அதுவே 5 கூடினால் 105-க்கு 5.1, நாலரை ஸ்டாப்கூடத் தேறாது. வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, இருட்டுதான் அடிபடும்.

நிறத்தையும் இதுதான் கெடுக்கிறது. சிவப்புப் புடவையில் சிவப்பு 200, பச்சை 20, நீலம் 20 என்று இருக்கும் இடத்தில், ஜன்னல் வெளிச்சம் மூன்றிலும் 40 கூட்டினால் 240, 60, 60. பத்துக்கு ஒன்று என்றிருந்தது நாலுக்கு ஒன்றாகிவிட்டது. புடவை வெளுத்துவிட்டது. வெளியே நீல வானம் என்றால் நிழல்களில் மட்டும் நீலம் ஏறும், மாலை வெயில் என்றால் ஆரஞ்சு ஏறும். வொயிட் பேலன்ஸால் இதைச் சரிசெய்ய முடியாது. அது நிறத்தைப் பெருக்குகிறது. இங்கே கூடியிருப்பதைக் கழிக்க வேண்டும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில்.

கேள்விக்குறி

435-ஆ! சரி சரி. அப்படியானால் பூச்சு வருவதற்கு முன்பு எப்படித்தான் படம் எடுத்தார்கள்?

பழங்கண்ணாடி

பரப்புகளைக் குறைத்து எடுத்தார்கள். லென்ஸ் வரலாற்றில் ஒரு பாதி இந்த ஒரே கவலையால் நடந்தது.

1896-இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் பிளானார் லென்ஸை வடிவமைத்தார். ஆறு கண்ணாடி, நான்கு தொகுதி, எட்டுப் பரப்பு. பிழைத்திருத்தத்தில் அருமையான வடிவம், ஆனால் பூச்சு இல்லாத காலத்தில் அந்த எட்டுப் பரப்பே கான்ட்ராஸ்ட்டைக் கெடுத்தது. 1902-இல் அதே ருடால்ஃப் கொண்டுவந்த டெசாரில் நாலே கண்ணாடி, ஆறு பரப்பு. உலகம் டெசார் பக்கம் போய்விட்டது. 1930-களில் லுட்விக் பெர்டலே சோனார் வடிவமைத்தபோது கண்ணாடிகளை அடுக்கடுக்காக ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். எஃப் 1.5 மாடலில் ஏழு கண்ணாடி இருந்தும் காற்றைத் தொடுவது ஆறு பரப்பு மட்டும். ஒட்டிய இடத்தில் பிரதிபலிப்பு அநேகமாக இருக்காது, பசையின் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு நெருக்கமாக இருப்பதால்.

பூச்சு வந்ததும் பிளானார் உயிர்பெற்றுவிட்டது. இன்று நாம் வாங்கும் 50 மி.மீ. லென்ஸ்களில் பல அந்த வடிவத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

பூச்சைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. இங்கிலாந்தில் யார்க் நகரத்து குக் கம்பெனியில் இருந்த டென்னிஸ் டெய்லர், குக் டிரிப்லெட் என்ற மூன்று கண்ணாடி லென்ஸை வடிவமைத்த அதே மனிதர், பழசாகி மேற்பரப்பு கறுத்துப்போன லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். வாடிக்கையாளர்கள் அதைத் துருவாக நினைத்துச் சுத்தம் செய்யச் சொன்ன காலம் அது. செயற்கையாக அமிலத்தால் அதே படலத்தை உண்டாக்கலாம் என்று 1904-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒவ்வொரு விதமாக வந்ததால் அது தொழிலாகவில்லை. வெற்றிடத்தில் படியவைக்கும் முறைக்கு ஜெய்ஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் காப்புரிமை பெற்றார். உக்ரைனில் பிறந்தவர். பைனாகுலருக்கும் பெரிஸ்கோப்புக்கும் பயன்படும் என்று ஜெர்மன் ராணுவம் அதைச் சில காலம் ரகசியமாகவே வைத்திருந்தது.

பல அடுக்குப் பூச்சு கேமரா லென்ஸில் பெரிய அளவில் வந்தது 1971-இல், பென்டாக்ஸின் எஸ்எம்சி (சூப்பர் மல்டி கோட்டட்). அடுத்த வருடம் ஜெய்ஸின் டி ஸ்டார். ஜன்னலோரம் கவனிக்கவும்: உங்கள் சூப்பர் டாகுமாரின் அதே கண்ணாடி வடிவத்துக்குத்தான் 1971-இல் எஸ்எம்சி பூசினார்கள். பூச்சு மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்க அந்த இரண்டையும்விட நல்ல ஜோடி கிடைக்காது.

கருப்புவெள்ளை

எல்லோரும் ஒற்றைப் பூச்சை நோயாளி மாதிரி பேசுகிறீர்கள். நான் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுப்பவன், வேண்டுமென்றே ஒற்றைப் பூச்சு லென்ஸ் வைத்திருக்கிறேன். உச்சி வெயிலில் நிழல்கள் கும்மிருட்டாகாமல் கொஞ்சம் திறந்து நிற்கும். எனக்கு மட்டும் இருக்கும் கிறுக்கு அல்ல இது. கோசினா தயாரிக்கும் ஃபாக்ட்லாண்டர் நாக்டன் 35 மி.மீ. எஃப் 1.4 ஒரே வடிவத்தில் ஒற்றைப் பூச்சு, பல அடுக்குப் பூச்சு என இரண்டு விதமாகவும் விற்கப்பட்டது. கேட்பவர்கள் இல்லாமலா செய்வார்கள்?

அலைநீளம்

ஃபிலிமில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஃபிலிமுக்கு ஒரு குறைந்தபட்ச ஒளி விழுந்தால்தான் ஏதாவது பதியும். திரை ஒளி நிழலை அந்த வாசலுக்கு மேலே தூக்கிவிடுகிறது. படம் எடுக்கும் முன் ஃபிலிமுக்கு மெல்லிய ஒளி காட்டிவைக்கும் பழைய டார்க்ரூம் உத்தியும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஆனால் உத்தியில் அளவு உங்கள் கையில். லென்ஸில் அளவு சூரியன் கையில். மேகமூட்டத்தில் உங்கள் ஒற்றைப் பூச்சு லென்ஸுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். எதிர்வெயிலில் அதே லென்ஸ் முகத்தையே முழுங்கிவிடும். டிஜிட்டலில் நிழலைத் தூக்க வேண்டுமானால் ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்த மூலக் கோப்பில், தூக்கிக்கொள்ளலாம். நல்ல பூச்சுள்ள லென்ஸின் படத்தை வெளிறச் செய்ய ஒரு ஸ்லைடர் போதும், வெளிறிய படத்தில் விழுந்துபோன நிழல் விவரத்தை மீட்க எந்த ஸ்லைடரும் இல்லை.

கருப்புவெள்ளை

ஸ்லைடர் வைத்துக்கொள்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நெகட்டிவ் போதும். சினிமாவில்கூட ஒளிப்பதிவாளர்கள் லென்ஸின் பூச்சைச் சுரண்டி எடுக்கச் சொல்லி வாங்கிய கதைகள் உண்டே.

பழங்கண்ணாடி

உண்டு. அவர்களுக்கு விளக்கும் அவர்கள் கையில், லென்ஸ் முன்னால் வேண்டாத ஒளியை மறைக்கும் ஹூடும் மேட் பாக்ஸும் அவர்கள் கையில். வழியில் வெயிலைச் சந்திக்கும் நமக்கு அந்த வசதி கிடையாது.

ராத்திரிச்சாலை

என் கேள்வி சற்று வேறு. இரவில் தெருவிளக்குகளோடு எடுத்தால், படத்தில் எதிர்ப்பக்கத்தில் அதே விளக்குகள் தலைகீழாக, மங்கலான பச்சையாகத் தெரிகின்றன. லென்ஸ் புதியது, விலையும் அதிகம். கோட்டிங் போய்விட்டதா?

அலைநீளம்

முன்னால் யூவி பில்டர் மாட்டியிருக்கிறீர்களா?

ராத்திரிச்சாலை

ஆமாம், பாதுகாப்புக்காக எப்போதும் மாட்டியிருப்பேன்.

அலைநீளம்

கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். சென்சாரும் அதன் மேலிருக்கும் கண்ணாடியும் ஃபிலிமைவிட அதிகம் பளபளப்பவை. விளக்கின் பிம்பம் சென்சாரில் பட்டு லென்ஸ் வழியாகவே முன்பக்கம் திரும்பி, தட்டையான பில்டரில் மோதி மறுபடி உள்ளே வரும். பில்டர் தட்டை என்பதால் அது கலங்காமல் கூர்மையாகவே வந்து விழும். அதனால்தான் படத்தின் மையத்தைச் சுற்றி அப்படியே தலைகீழாகத் தெரிகிறது. பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ்கள் சிலவற்றில் முன்பாதுகாப்புக் கண்ணாடியைத் தட்டையாக வைக்காமல் சற்று வளைத்து வைப்பது இதற்காகத்தான். விலை மலிந்த பில்டர் என்றால் பூச்சே இருக்காது, எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் முன்னால் 4 சதவீதக் கண்ணாடி இரண்டு பரப்பு சேர்ந்துவிடும்.

செல்போன்காரன்

போனிலும் இதே பச்சைப் புள்ளி வருகிறதே. அதில் பில்டர் இல்லையே?

அலைநீளம்

லென்ஸ் மேலிருக்கும் மூடு கண்ணாடிதான் உங்கள் பில்டர், கழற்ற முடியாத பில்டர். உள்ளே ஆறேழு பிளாஸ்டிக் கண்ணாடிகள் வேறு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. விளக்கைச் சட்டத்தின் மையத்துக்கோ வெளியிலோ நகர்த்துவதுதான் வழி. படம் முழுக்கப் புகைபோல் வந்தால் அது வேறு, அது விரல் ரேகை. துடையுங்கள்.

ராத்திரிச்சாலை

கழற்றிவிட்டு எடுத்தேன். தலைகீழ் விளக்குகள் போய்விட்டன. நன்றி சார். ஆனால் எஃப் 16-இல் விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அலைநீளம்

அது கோட்டிங் விவகாரம் இல்லை. அபெர்ச்சர் இதழ்களின் விளிம்பில் ஒளி வளைவதால் வருவது. எவ்வளவு நல்ல பூச்சானாலும் அது இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சட்டத்துக்குள் சூரியன் இருந்தால் எந்தப் பூச்சும் முழுதாகக் காப்பாற்றாது. பூச்சில்லாத இரண்டு பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி 625-இல் ஒரு பங்கு. பரப்புக்கு 0.3 சதவீதம் என்று நல்ல பல அடுக்குப் பூச்சு போட்டால் லட்சத்தில் ஒன்று. பிரமாதமான முன்னேற்றம். ஆனால் சூரியன் சுற்றியிருக்கும் நீல வானத்தைவிட லட்சம் மடங்குக்கு மேல் பிரகாசம்! அதோடு, ஒளி சரிவாக விழும்போது பூச்சின் கணக்கு குறுகிய அலைநீளம் பக்கம் நகர்ந்துவிடும், அகலக்கோண லென்ஸின் வளைந்த முன்கண்ணாடிகளில் இது பெரிய தலைவலி. நிக்கானின் நானோ கிரிஸ்டல், 2008-இல் 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸோடு கேனான் கொண்டுவந்த எஸ்டபிள்யூசி போன்ற பூச்சுகள் இதற்காக வந்தவை. கேனானுடையது ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய கூம்புகளைப் பரப்பு முழுக்க நட்டுவைக்கிறது. காற்று எங்கே முடிந்தது, கண்ணாடி எங்கே தொடங்கியது என்று ஒளிக்கே தெரியாது. விட்டில்பூச்சியின் கண்ணில் இதே அமைப்பு உண்டு.

பட்டறை

லென்ஸ் சர்வீஸ் செய்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் பூச்சு எத்தனை அடுக்கு என்று எண்ணுகிறீர்கள். என் மேசைக்கு "கான்ட்ராஸ்ட் இல்லை" என்று வரும் பழைய லென்ஸ்களில் அதிகம் பார்ப்பது பூச்சுக் குறையை அல்ல. உள்கண்ணாடியில் எண்ணெய் ஆவி படிந்த மங்கல், இல்லாவிட்டால் பூஞ்சை. ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் பழசாகி ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மங்கலைத் துடைத்தால் போய்விடும். பூஞ்சை வெளிவிடும் அமிலமோ பூச்சை அரித்துவிடும், துடைத்த பிறகும் வேர் வேராகத் தடம் நிற்கும். கடற்கரை ஊர்களில் லென்ஸைத் தோல்பையில் போட்டு மூடிவைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான். ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் இருக்கும் டிரை கேபினட்டோ, அடைப்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோ போதும்.

துடைக்கும் விஷயத்திலும் நிதானம் வேண்டும். ஆரம்பகாலப் பூச்சுகள் மெத்தென்றிருக்கும், அழுத்தித் துடைத்தாலே போய்விடும். பிறகு கண்ணாடியைச் சூடாக்கி அதன் மேல் பூச ஆரம்பித்ததும் கெட்டிப்பட்டன. எதுவானாலும் முதலில் ஊதுபந்தால் தூசியைத் தள்ளுங்கள், அப்புறம்தான் துணி. சட்டை நுனி வேண்டாம். முன்கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறல் இருந்தால் கலங்காதீர்கள். பின்கண்ணாடியில் கீறல் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஜன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன், பழங்கண்ணாடி அண்ணா சொன்ன டிகாஷனேதான். டார்ச் அடித்ததில் உள்ளே மங்கலோ பூஞ்சையோ தெரியவில்லை. ஆக மஞ்சள் தோரியம், சாம்பல் முடி ஒற்றைப் பூச்சு. இதை விற்றுவிட்டு எஸ்எம்சி மாடல் வாங்கலாமா? ஹூட் போட்டால் தீருமா?

பழங்கண்ணாடி

வெளிச்சம் சட்டத்துக்கு வெளியே இருந்தால் ஹூட் உதவும், பல சமயம் பூச்சைவிட அதிகமாகவே உதவும். ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே இருக்கும்போது ஹூட்டுக்கு வேலை இல்லை. ஆளை அரை அடி நகர்த்தி ஜன்னலை வெட்டிவிட்டால் செலவே இல்லை. எஸ்எம்சி மாடலிலும் தோரியம் மஞ்சள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அலைநீளம்

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஒரு சின்ன அட்டைப்பெட்டியின் உள்ளே முழுக்கக் கருப்பு வெல்வெட் ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் சிறிய துளை போடுங்கள். துளையைச் சுற்றிலும் பெரிய வெள்ளை அட்டை. அட்டை மேல் சீராக வெளிச்சம் விழட்டும். துளைக்குள் போன ஒளி அநேகமாகத் திரும்பாது, அதனால் படத்தில் அந்த இடம் முழு இருட்டாக இருந்தாக வேண்டும். எவ்வளவு வெளிச்சம் அங்கே பதிகிறதோ அவ்வளவும் லென்ஸும் கேமராவும் சிந்திய திரை ஒளி. அட்டை சட்டத்தை முழுக்க நிரப்பும்படி, ஒரே அபெர்ச்சரில், இரண்டு லென்ஸிலும் ராவில் எடுங்கள். எடிட்டிங் மென்பொருளின் கான்ட்ராஸ்ட் கர்வ் எதுவும் கலக்காமல், துளையின் மதிப்பை அட்டையின் மதிப்பால் வகுங்கள். லென்ஸ் தயாரிப்பாளர்கள் ஆய்வகத்தில் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

புது லென்ஸைவிட டாகுமாருக்கு விடை அதிகமாக வந்தாலும் குற்றவாளி பூச்சு மட்டும்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், உங்கள் அடாப்டராகவும் இருக்கலாம். உள்சுவர் பளபளக்கும் மலிவு அடாப்டர்கள் நிறைய உண்டு.

ஜன்னலோரம்

அடாப்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது சார்! வெல்வெட் வாங்கும்போது அதற்கும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். இரண்டு அளவும் எடுத்துவிட்டு இதே இழையில் போடுகிறேன்.

பட்டறை

அடாப்டருக்கு வெல்வெட் வேண்டாம், அதன் இழை உதிர்ந்து சென்சாரில் ஒட்டும். மேட் கருப்பு பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். லென்ஸ் பின்பக்கம் நுழையும் இடத்தில் மட்டும் அடிக்காதீர்கள், இறுகிவிடும்.